வலிக்காமலே பழுதாகும்: இம்ப்ளான்ட் பல்லைக் கண்காணிப்பது எப்படி

என் மேசை டிராயரில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. உள்ளே 10 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு டைட்டானியம் திருகு. என் மேல்தாடையில் இடப்பக்கம், முன்கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் ஏழு வருடம் இருந்தது. கழற்றிய அன்றே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஈறுப் பக்கத்து மரைகள் ஏழெட்டு வெறுமையாக, பழுப்புக் கறை படிந்து கிடக்கின்றன. நுனிப் பக்கம் கடைசி நாலைந்து மரைகளுக்குள் மட்டும் எலும்புத் துணுக்கு இன்னும் இறுகிப் பிடித்திருக்கிறது.

அந்தக் கடைசி நாலைந்து மரைகள்தான் என்னை ஏமாற்றியவை. கழற்றும் நாள் வரை அந்தப் பல் துளியும் ஆடவில்லை. வலிக்கவும் இல்லை.

நான் இருபத்தெட்டு வருடம் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவன். எந்திரத்தில் எது கெட்டாலும் சொல்லிவிட்டுத்தான் கெடும். சத்தம் மாறும், சூடு ஏறும், ஆட்டம் கொடுக்கும். வாய்க்குள் இருக்கும் திருகும் அப்படித்தான் சொல்லும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் அந்தத் திருகைத்தான் இம்ப்ளான்ட் என்கிறார்கள். எனக்கு மொத்தம் மூன்று வைத்தார்கள். கீழ்த்தாடை வலப்பக்கம் முதலில் வைத்தது ஏழாவது வாரத்தில் போயிற்று. அதே இடத்தில் மறுபடி வைத்தது இன்றும் நன்றாக இருக்கிறது, நடுவில் ஒருமுறை பயமுறுத்தினாலும். மூன்றாவதுதான் டப்பாவில் இருப்பது. ஆக, சீக்கிரம் போவது, போனது போலத் தெரிவது, சத்தமில்லாமல் போவது என்று மூன்றையும் பார்த்துவிட்டேன். நான் பல் மருத்துவன் இல்லை. அந்த நாற்காலியில் நிறைய நேரம் படுத்துக் கிடந்து, கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான்.

முதலில், ஏன் வலிப்பதில்லை

இயற்கைப் பல் எலும்பில் நேராக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் தசைநார் ஒன்று உண்டு. அதில் நரம்பு முனைகள் நிறைய. கடிக்கும்போது சின்னக் கல் ஒன்று மாட்டினாலும் உடனே வாயைத் திறக்கிறோம் இல்லையா, அந்த நார் கொடுக்கும் செய்திதான் அது. பல் கொஞ்சம் அழுந்தவும் அது இடம் கொடுக்கும்.

இம்ப்ளான்டுக்கு இந்த நார் கிடையாது. எலும்பு நேராக டைட்டானியத்தின்மேல் வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950களில் முயல் காலெலும்புக்குள் டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தி, ரத்த ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்ததும் எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு விடவில்லை. அந்தச் சங்கடத்திலிருந்துதான் இந்த வைத்தியமே பிறந்தது. 1965இல் முதல் மனிதருக்கு வைத்தார்.

நல்ல பிடிப்புதான். ஆனால் நார் இல்லை, ஆகவே அதன் நரம்பும் இல்லை. இயற்கைப் பல்லில் நோய் வந்தால் பல பேருக்கு ஆட்டமாவது தெரியும், கூச்சமாவது வரும். இம்ப்ளான்டில் அடியில் கொஞ்சம் எலும்பு மிஞ்சியிருந்தாலும் அசையாமல் நிற்கும். அதனால் வலியையும் ஆட்டத்தையும் எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். பார்க்க வேண்டியது வேறு.

முதல் மூன்று மாதம்

வைத்த அன்று சாயங்காலம் ஒரு சோதனை, கண்டிப்பாகச் செய்யுங்கள். மயக்க மருந்தின் வேகம் தணிய வேண்டிய நேரம் தாண்டியும் கீழ் உதடோ முகவாயோ மரத்தே இருந்தால், அல்லது மின்சாரம் பாய்வது போலச் சுரீரென்றால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பைத் திருகு தொட்டிருக்கலாம். அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இதில் நாள்கூட இல்லை, மணிதான் கணக்கு. மேல்தாடையில் வைத்தவர்கள், ஒரு பக்க மூக்கு மட்டும் அடைப்பதையும், குடித்த தண்ணீர் மூக்கில் வருவதையும் கவனிக்க வேண்டும். அங்கே எலும்புக்கு மேலே சைனஸ் அறை இருக்கிறது.

மற்றபடி வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு வடியும். வலியும் நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி மறுபடி ஏறினால்தான் சந்தேகம். பத்து நாள் நிம்மதியாக இருந்துவிட்டு மூன்றாவது வாரம் மந்தமாக வலிக்க ஆரம்பித்தால், அதைக் காயம் ஆறுகிற வலி என்று தள்ளிவிடாதீர்கள். காய்ச்சல், கழுத்து வரை பரவும் வீக்கம், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் பல் மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எனக்கு நடந்தது ஏழாவது வாரம். காயம் ஆறும் வரைக்கும் என்று, ஈறுக்கு வெளியே தெரியும் மூடி ஒன்றை இம்ப்ளான்டின்மேல் திருகி வைத்திருந்தார்கள். பல் தேய்க்கும்போது பிரஷ் பட்டதும் அது சுழல்வது போல இருந்தது. மூடி மட்டும் தளர்வது சகஜம், அது பெரிய விஷயமே இல்லை. நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். மருத்துவர் மூடியை முறுக்கினார். மூடி இறுகியது. அதற்குப் பிறகும் சுழன்றது, கூடவே உள்ளே ஒரு வலி. அவர் முகம் மாறியதைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. மூடி அல்ல, அடியில் இருக்கும் திருகே சுழல்கிறது. எலும்பு பிடிக்கவே இல்லை. இரண்டே நிமிடத்தில் கையோடு வந்துவிட்டது.

ஏன் பிடிக்கவில்லை? இதை எனக்கு அவர் விளக்கியபோதுதான் பட்டறை மூளைக்கு எல்லாம் ஏறியது. புதிதாக வைத்த இம்ப்ளான்ட், மரத்தில் ஏற்றிய ஸ்க்ரூ மாதிரி வெறும் இறுக்கத்தில்தான் நிற்கிறது. உடம்பு முதலில் துளையைச் சுற்றி நசுங்கிய எலும்பைக் கரைத்து, பிறகு புது எலும்பு கட்டுகிறது. கரைவது முந்தி, கட்டுவது பிந்தி. ஆக வைத்த அன்றைவிட மூன்றாவது நான்காவது வாரத்தில்தான் பிடிப்பு குறைவாக இருக்கும். வீக்கம் போய், வலி போய், நமக்குத் தெம்பு வந்து, 'சரி, இனிமேல் கடிக்கலாம்' என்று தோன்றுவதும் சரியாக அதே சமயத்தில். 100 முதல் 150 மைக்ரானுக்கு மேல் திருகு அசைந்துகொண்டே இருந்தால் எலும்புக்குப் பதில் நார்த்தோல்தான் சுற்றிலும் வளரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சின்ன அசைவை உங்களால் உணரவே முடியாது. துளையிடும்போது ஏறும் சூடும் ஒரு காரணம். எலும்பு 47 டிகிரி செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே கெட ஆரம்பிக்கும். அதற்காகத்தான் உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே துளை போடுகிறார்கள். நாங்கள் கூலன்ட் விடுவதும் அதே கதைதான்.

என் விஷயத்தில் காரணத்தை நானே ஒப்புக்கொள்கிறேன். நாலாவது வாரத்திலிருந்து அந்தப் பக்கம் கடித்தேன். 'சிகரெட்டை விட்டுவிட்டேன்' என்று சொன்னதும் பொய். புகை ஈறுக்கும் எலும்புக்கும் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது, காயம் ஆறும் வேகத்தைக் கெடுக்கிறது.

இப்படிச் சீக்கிரமே போவதில் ஒரு நன்மை உண்டு. எலும்பு அதிகம் வீணாவதில்லை. துளையைச் சுத்தம் செய்து மூடினார்கள். நாலு மாதம் காத்திருந்து அதே இடத்தில் கொஞ்சம் பருமனான திருகாக வைத்தார்கள். இந்தமுறை சிகரெட்டை நிஜமாகவே விட்டேன். இரண்டாவது தடவை வைப்பது முதல் தடவை அளவுக்கு வெற்றி பெறுவதில்லை என்று முன்னாலேயே எச்சரித்தார்கள். எனக்குப் பிடித்துக்கொண்டது.

ஆடுவது எது?

அந்த இரண்டாவது இம்ப்ளான்டில் கிரவுன் போட்டு மூன்றாவது வருடம், ஒருநாள் வாயை மூடும்போது 'டிக்' என்றது. நாக்கால் தள்ளினால் பல் அசைந்தது. 'இதுவும் போயிற்று' என்று உட்கார்ந்துவிட்டேன்.

போகவில்லை. இங்கே அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். எலும்புக்குள் இருப்பது இம்ப்ளான்ட். அதன்மேல் அபட்மென்ட் என்ற இடைத்துண்டு. அதன்மேல் பல் வடிவத்தில் கிரவுன். இடைத்துண்டை இம்ப்ளான்டோடு சேர்த்துப் பிடிப்பது ஒரு மெல்லிய திருகு, கைக்கடிகாரத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரியது. தளர்வது பெரும்பாலும் இந்தக் குட்டித் திருகுதான். திருகை முறுக்கும்போது அது இழுபட்டு மயிரிழை அளவுக்கு நீளும், சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்பில்தான் இரண்டு பாகமும் சேர்ந்து நிற்கும். லட்சக்கணக்கான தடவை கடித்தால் அந்த இழுப்பு குறையலாம். பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

எப்படிப் பிரித்தறிவது? கிரவுன் சட்டென்று ஒருநாள் ஆட ஆரம்பித்தது, 'டிக்' சத்தம், சுற்றியிருக்கும் ஈறு முன்பு போலவே இளஞ்சிவப்பாக, வலி இல்லை, சீழ் இல்லை என்றால் குட்டித் திருகாக இருக்க வாய்ப்பு அதிகம். லேசான கெட்ட வாடையும் வரலாம், இடுக்கில் எச்சில் போய் வருவதால். இம்ப்ளான்டே ஆடினால் கடிக்கும்போது ஆழத்தில் வலிக்கும், ஈறு சிவந்து உப்பியிருக்கும், பெரும்பாலும் அதற்கு முன்பே மாதக் கணக்கில் வேறு அறிகுறிகள் வந்துபோயிருக்கும். ஆனால் இது ஊகம்தான். முடிவு எக்ஸ்ரேயிலும் மருத்துவர் கையிலும் இருக்கிறது.

குட்டித் திருகு என்றால் வைத்தியம் சுலபம். கிரவுனின் நடுவில் இருக்கும் அடைப்பை எடுத்து, பழைய திருகைக் கழற்றி, புதியது போட்டு, அளவுச் சாவியால் முறுக்குவார்கள். தயாரிப்பைப் பொறுத்து 25 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் வரை. பிறகு கடி சரியாக விழுகிறதா என்று வண்ணத்தாள் வைத்துப் பார்க்க வேண்டும். கடி ஒரு பக்கமாக விழுந்தால் மறுபடியும் தளரும். நீங்கள் செய்யக் கூடாதது: தளர்ந்த பல்லோடு வாரக் கணக்கில் மென்றுகொண்டிருப்பது. தளர்ந்த திருகு வளைந்து வளைந்து ஒடியும். ஒடிந்த துண்டை உள்ளேயிருந்து எடுப்பது எவ்வளவு தொல்லை என்று பட்டறைக்காரனைக் கேளுங்கள். கிரவுன் கழன்று கையோடு வந்தால் கழுவி டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். வீட்டுப் பசை போட்டு ஒட்டவே ஒட்டாதீர்கள்.

இன்னொன்று. இம்ப்ளான்ட் வைத்தபோது ஒரு அட்டையோ தாளோ கொடுத்திருப்பார்கள், எந்தத் தயாரிப்பு, எத்தனை மில்லிமீட்டர் விட்டம், என்ன நீளம், என்ன தொகுதி எண் என்று. கொடுக்கவில்லையா, கேட்டு வாங்குங்கள். திருகுத் தலையும் சாவியும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறு. அட்டை இல்லாமல் வேறொரு மருத்துவரிடம் போனால் சாவி தேடியே நாள் போகும்.

இம்ப்ளான்டே ஆடுகிறது என்று உறுதியானால் அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஆட ஆரம்பித்த இம்ப்ளான்ட் மறுபடி எலும்பைப் பிடிப்பதில்லை. கழற்ற வேண்டியதுதான்.

டப்பாவில் இருப்பதன் கதை

மேல்தாடையில் வைத்தது முதல் இரண்டு வருடம் வைரம் மாதிரி இருந்தது. மூன்றாவது வருடம், பல் இடுக்கு பிரஷை எடுத்தால் நுனியில் சிவப்பு. அழுத்தித் தேய்த்திருப்பேன் என்று நினைத்தேன். மறுவாரமும் அப்படியே. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டேன். இதைவிட மோசமான முடிவு கிடையாது, அழுக்கு சேரச் சேர ரத்தம் கூடத்தான் செய்யும். பக்கத்தில் வந்து பேசும்போது வாடை அடிக்கிறது என்று முதலில் சொன்னவள் என் மனைவி. நான் நாக்கை வழித்துவிட்டு சரியாகிவிட்டது என்றேன். 'நாக்கில்லை, அந்தப் பக்கம்' என்றாள். இடம் சுட்டிச் சொன்னதுகூட எனக்கு உறைக்கவில்லை. வலி இல்லையே!

ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று.

நடப்பது என்னவென்றால், அழுக்குப் படலத்தில் இருக்கும் கிருமிகளால் முதலில் ஈறு மட்டும் வீங்குகிறது. மியூகோசைட்டிஸ் என்பார்கள். எலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும், ஓரிரு வாரத்தில் அல்ல, கொஞ்சம் பொறுக்க வேண்டும். விட்டுவிட்டால் அடுத்தது பெரி-இம்ப்ளான்டைட்டிஸ், அதாவது எலும்பே கரைகிறது. கரைந்தது தானாக வளர்ந்து வராது.

இயற்கைப் பல்லைவிட இம்ப்ளான்டில் இது வேகமாகப் பரவ ஒரு காரணம் உண்டு. பல்லின் வேரில் ஈறு நார்கள் குறுக்காகப் பாய்ந்து வேருக்குள்ளேயே புதைந்து, வேலி போலத் தடுக்கின்றன. டைட்டானியத்தில் அப்படிப் புதைய முடியாது. நார்கள் அதையொட்டி நெடுக ஓடுகின்றன, வளையமாகச் சுற்றிக்கொள்கின்றன. வேலி இல்லை, திரைச்சீலைதான். கிருமி உள்ளே இறங்கிவிட்டால், மரை இருக்கும் சொரசொரப்பான இடம் அதற்கு நல்ல வீடு. எலும்பு பிடிக்கட்டும் என்று வேண்டுமென்றே சொரசொரப்பாக்கிய அதே பரப்புதான்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் கிரவுன் சிமென்டால் ஒட்டியது. ஒட்டும்போது பிதுங்கிய சிமென்ட் ஈறுக்கடியில் ஓரமாகத் தங்கியிருந்தது. அறுவை செய்து திறந்தபோதுதான் தெரிந்தது, அரிசி முனையளவுகூட இல்லாத வெள்ளைச் சில்லு. உங்களுடையது சிமென்டில் ஒட்டியதா, திருகில் பொருத்தியதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் என்றால், ஒட்டிய பிறகு எக்ஸ்ரே எடுத்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

மாதம் ஒருமுறை கண்ணாடி முன்னால்

இப்போது நான் செய்வது இது. நல்ல வெளிச்சம், ஒரு சின்னக் கண்ணாடி, பல் இடுக்கு பிரஷ். முதலில் நிறம் பார்க்கிறேன். பக்கத்துப் பல்லின் ஈறும் இம்ப்ளான்டின் ஈறும் ஒரே நிறமா, இல்லை இது மட்டும் கருஞ்சிவப்பா, பளபளப்பாக உப்பியிருக்கிறதா? பிறகு விரலால் ஈறை அடியிலிருந்து கிரவுன் பக்கமாக மெதுவாக வழிக்கிறேன். ஓரத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ துளி வந்தால் சீழ். அதற்கு 'பார்க்கலாம்' என்ற பேச்சே இல்லை, உடனே போக வேண்டும். ஈறில் பரு மாதிரி வந்து உடைந்து, மறுபடி வந்து உடைவதும் அதே ரகம்தான். உடைந்ததும் ஆறிவிட்டது என்று நினைப்போம். அது சீழ் வெளியேறும் வாசல்.

அப்புறம் பிரஷை இரண்டு பக்கமும் விட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கிறேன், ரத்தமும் வாடையும் இருக்கிறதா என்று. ஒருநாள் ரத்தம் வந்தால் அது ஒரு செய்தி. நன்றாகச் சுத்தம் செய்தும் இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால் மருத்துவரிடம் போகிறேன். கடைசியாக உயரம். கிரவுன் நீளமாகிவிட்டது போலத் தெரிகிறதா, ஈறு ஓரத்தில் சாம்பல் நிற உலோகம் எட்டிப் பார்க்கிறதா? போனில் ஒரு படம் எடுத்து, போன மாதப் படத்தோடு ஒப்பிடுகிறேன். தினமும் பார்க்கும் முகத்தில் மாற்றம் தெரியாது, படத்தில் தெரியும்.

பிரஷ் வாங்கும்போது நடுக்கம்பி பிளாஸ்டிக் பூச்சோடு இருக்கட்டும். மரை வெளியே தெரிய ஆரம்பித்த இம்ப்ளான்டில் சாதாரண ஃப்ளாஸ் நூல் வேண்டாம். சொரசொரப்பில் மாட்டி இழை பிரிந்து உள்ளேயே தங்கிவிடும், தங்கிய இழையே அழற்சியைக் கிளப்பும்.

மருத்துவரிடம் என்ன கேட்பது

ஒரேயொரு தாளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கலாம் என்றால், கிரவுன் போட்ட நாளன்று எடுத்த எக்ஸ்ரேயை வைத்திருங்கள். அதுதான் அளவுகோல். முதல் வருடத்தில் எலும்பு ஒரு மில்லிமீட்டர் போலக் குறைந்து பிறகு நிலைத்து நிற்பது வழக்கமானது. அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே போனால்தான் நோய். முதல் நாள் படம் இல்லையென்றால் எதோடு ஒப்பிடுவது?

என் படங்களை மருத்துவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது நான் மரை எண்ணினேன். முதல் படத்தில் எல்லா மரையும் எலும்புக்குள். அடுத்ததில் ஐந்து மரை வெளியே. மரைக்கு மரை 0.8 மில்லிமீட்டர் என்று அட்டையில் இருந்தது. ஐந்தெட்டு நாற்பது, ஆக 4 மில்லிமீட்டர். இதை எண்ண மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை, நீங்களும் எண்ணலாம். படத்தில் மரைகள் இரண்டு பக்கமும் ரம்பப் பற்களைப் போலக் கூர்மையாகத் தெரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் கதிர் சாய்வாக விழுந்திருக்கிறது, எலும்பின் மட்டமும் தவறாகவே தெரியும். இன்னொரு எச்சரிக்கை: இந்தச் சின்ன எக்ஸ்ரே இம்ப்ளான்டின் இரண்டு பக்கவாட்டை மட்டுமே காட்டும். கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் கரைந்திருந்தால் அதில் தெரியாது.

அந்தக் குறையை ஈடுகட்டுவது அளவுக்குச்சி. கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் கிரவுனுக்கும் நடுவில் விட்டு ஆழம் பார்ப்பார்கள். பழைய மருத்துவர் ஒருவர், இம்ப்ளான்டைக் குத்திப் பார்க்கவே கூடாது, கெட்டுவிடும் என்று சொல்லி மூன்று வருடம் அளக்கவே இல்லை. அப்படி ஒரு காலத்தில் நினைத்தவர்கள் உண்டு. இன்றைய வழிகாட்டுதல் அதற்கு நேர்மாறு, மெதுவாக அளந்தால் கெடாது, அளக்காவிட்டால்தான் தெரியாமல் போகும். என்ன எண் வந்தது, ரத்தம் வந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனி எண்ணைவிட மாற்றம்தான் முக்கியம். போன வருடம் 3 இருந்தது இப்போது 5 என்றால், ரத்தமும் வந்தால், எக்ஸ்ரே கட்டாயம். பழைய படம் எதுவுமே இல்லாதவர்களுக்காக 2017இல் நடந்த சர்வதேசக் கூட்டத்தில் ஒரு கணக்கு வகுத்தார்கள்: 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஆழம், அளக்கும்போது ரத்தம் அல்லது சீழ், எலும்பு மட்டம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருப்பது. இவை சேர்ந்து வந்தால் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ்.

முன்பே ஈறு நோயால் பல்லை இழந்தவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், வருடக் கணக்கில் பரிசோதனைக்கே போகாதவர்கள் இதையெல்லாம் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஊசி, மாத்திரை எடுப்பவர்களும், தாடையில் கதிர்வீச்சு வாங்கியவர்களும் எந்தப் பல் வேலைக்கு முன்னாலும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு

எனக்கு முதலில் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் அமைதி. பிறகு பழையபடி சீழ். மறுபடி மாத்திரை, மறுபடி ஒரு மாதம். மரைக்குள் படிந்திருக்கும் படலத்தை மாத்திரை கரைக்காது, யாராவது கையால் சுரண்டி எடுத்தாக வேண்டும். இரண்டாவது சீட்டோடு நான் மருத்துவரை மாற்றினேன். மாத்திரை மட்டுமே வைத்தியம் என்று யாராவது சொன்னால் நீங்களும் இன்னொருவரைக் கேளுங்கள்.

எலும்பு கரைந்த கட்டத்தில் மேலோட்டமாகச் சுத்தம் செய்வது பல சமயம் போதாது. ஈறைத் திறந்து, கெட்ட சதையை அகற்றி, மரைப் பரப்பைச் சுத்தம் செய்து, பள்ளம் கிண்ணம் போல இருந்தால் எலும்புத் தூள் நிரப்புவார்கள். என்னுடையது கிண்ணமாக இல்லை, ஒரு சுவரே இல்லாமல் திறந்து கிடந்தது. அதனால் நிரப்பியது முழுதாக நிற்கவில்லை. இரண்டு வருடம் ஓட்டினேன். அதற்குப் பிறகு எடுத்த படத்தில் பாதிக்கு மேல் எலும்பு இல்லை, பக்கத்துப் பல்லின் எலும்பையும் அது தின்ன ஆரம்பித்திருந்தது. கழற்றிவிடலாம் என்று அவர் சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

கழற்றுவதை நினைத்து ரொம்பப் பயப்பட வேண்டாம். உள்ளே ஒரு கருவியை மாட்டி இடப்பக்கமாகத் திருப்பினார்கள். நாலைந்து மரைதான் பிடித்திருந்தது என்றாலும் அவர் கையை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு திருகு மாதிரியே சுழன்று வந்தது. பிடிப்பு முழுதாக இருந்தால் சுற்றிலும் எலும்பை அரிந்து எடுக்க வேண்டி வரும், அது இதைவிடப் பெரிய வேலை.

பத்து வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இம்ப்ளான்ட் வாயில் நிலைத்திருக்கிறது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் வாயில் இருப்பதெல்லாம் 'நிலைத்தது'. சீழ் வடிந்துகொண்டிருந்த என்னுடையதும் ஏழாவது வருடம் கழற்றும் நாள் காலை வரை அந்தக் கணக்கில்தான் இருந்திருக்கும்.

மேல்தாடையில் அந்த இடம் இப்போது காலி. எலும்பு சேர்த்து மறுபடி வைப்பதா, பக்கத்துப் பற்களைப் பிடித்து பிரிட்ஜ் போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கீழே இருப்பதை நாலு மாதத்துக்கு ஒருமுறை காட்டுகிறேன். போன வாரம் அளந்தார்கள்: 3, 3, 2, 3. நாக்குப் பக்கம் ஒரே ஒரு இடத்தில் ரத்தப் புள்ளி. எக்ஸ்ரேயில் மரை எதுவும் வெளியே தெரியவில்லை. சுத்தம் செய்துவிட்டு, இடுக்கு பிரஷில் ஒரு அளவு பெரியதை எழுதிக் கொடுத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்தவள் என் மனைவி.